மூன்றாம் மாடி அழைப்பு மணி

ஜூன் 3, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்துவிட்டுப் போன டைரி இது. இதுவரை இதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. இன்று எழுதக் காரணம் டாக்டர் ஷமீமா. "ஆராய்ச்சி பண்றவங்க அவங்கவங்களுக்குன்னு தனியா குறிப்பு எழுதணும், ஜெசி. யாருக்கும் காட்ட வேணாம், எனக்கும் வேணாம்" என்றார். இத்தனை வருஷம் ஊசி போட்ட என்னையும் ஆராய்ச்சி பண்றவங்க கூட்டத்தில் சேர்த்துவிட்டார். யூனிஃபார்முக்குக் காலர் இருந்திருந்தால் தூக்கி விட்டிருப்பேன்.

விஷயம் இதுதான். எங்கள் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் எதிரெதிரே இரண்டு ஆபரேஷன் வார்டுகள். ஆண்கள் வார்டுக்கு நான் இன்சார்ஜ். பெண்கள் வார்டுக்கு விமலாக்கா. இனிமேல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு நர்ஸ் போக வேண்டும். வலி இருக்கிறதா, பாத்ரூம் போக வேண்டுமா, புரண்டு படுக்க உதவி வேண்டுமா என்று கேட்க வேண்டும். கடைசியாக, தண்ணீர், மூக்குக்கண்ணாடி, அழைப்பு மணி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாமே தேடிப் போய்க் கேட்டுவிட்டால் நோயாளி மணி அடிப்பது குறையும், தானாக எழுந்து போய் விழுவதும் குறையும் என்பது டாக்டரின் நம்பிக்கை. மணி அடிப்பதை எங்கள் மேஜைக்கு மேல் மாட்டியிருக்கும் பெட்டியே எண்ணிக்கொள்ளும். விழுகிறவர்களை நாங்கள் எழுத வேண்டும்.

மிக்ஸி ஜார் ஒழுகுகிறது. வாஷர் மாற்ற வேண்டும்.

ஜூன் 8, சனி

லிஃப்ட் பக்கத்துச் சுவரில் டாக்டர் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறார். பச்சைக் கோடு பெண்கள் வார்டு, நீலக் கோடு ஆண்கள் வார்டு. மணிச் சத்தம் குறையக் குறையக் கோடு கீழே இறங்க வேண்டும். பச்சை அழகாகச் சறுக்கிக்கொண்டு இறங்குகிறது. எங்கள் நீலம் மாடியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

சாப்பாட்டு அறையில் விமலாக்கா, "என்ன ஜெசி, உங்க ஆம்பளைங்களுக்கு எப்பவும் மணி ஆட்டிக்கிட்டே இருக்கணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புளிசாத டப்பாவைப் பாதியில் மூடி வைத்தேன்.

எனக்குத் தோற்பது பிடிக்காது. சின்ன வயதில் பல்லாங்குழியில் தோற்றால்கூட முத்துகளை வாரி இறைத்துவிடுவேன்.

ஜூன் 11, செவ்வாய்

புது நோயாளி நல்லுசாமி, துறையூர்க்காரர். புராஸ்டேட் ஆபரேஷன். திருச்சி துறையூர் பிரைவேட் பஸ்ஸில் ஆயுசு முழுக்கக் கண்டக்டராக இருந்தவர். மனைவி இல்லை. ஒரே மகள் வாசுகி, மஸ்கட்டில். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனால் மறுநாள்தான் வருவார். கூட இருக்க ஆள் வேண்டும் என்று அட்மிஷனில் சத்தம் போட்டார்களாம். அவர், "இத்தனை பேரு இருக்கீங்க, ஆள் இல்லங்கறீங்களே" என்றாராம்.

மணியைக் கையில் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம் என்று சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பஸ்ல ஒரு விசில் குடுத்தா நிக்கணும், ரெண்டு குடுத்தா போகணும். இதுல எப்படி சிஸ்டர்?"

"ஒண்ணு அடிச்சாலே நாங்க ஓடி வந்துருவோம்ங்க ஐயா."

"அட, டிரைவரு இவ்வளவு பேச்சு கேட்டதே இல்லையே!"

வார்டே சிரித்தது. ரொம்பக் கலகலப்பான மனுஷர்.

ஜூன் 13, வியாழன்

நல்லுசாமி ஐயாவுக்கு யூரின் டியூபை எடுத்தாயிற்று. எடுத்தால் இரண்டு மூன்று நாளைக்கு அடிக்கடி முட்டிக்கொண்டு வரும், அடக்கவும் முடியாது. பிரஷர் மாத்திரை வேறு சாப்பிடுகிறார், எழுந்தால் தலை சுற்றுகிறது. தனியாக இறங்கக் கூடாது. அதனால் மணி. காலையிலிருந்து அவர் கட்டில் விளக்குதான் எரிகிறது. யூரின் கேன் கொடுத்துவிட்டு மேஜைக்குத் திரும்புவதற்குள் மறுபடியும். சில தடவை இரண்டு சொட்டுதான் வருகிறது. சில தடவை அதுவும் இல்லை.

மத்தியானம் லிஃப்ட் பக்கம் போனேன். நீலக் கோடு நேராகக் கூரையைப் பார்த்துப் போகிறது.

சாயங்காலம் அவரிடம் தன்மையாகப் பேசினேன். புரிந்துகொண்டார்.

ஜூன் 14, வெள்ளி

இன்று வார்டில் நல்ல அமைதி. பெட்டியைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. வாஷர் கிடைத்தது, ஆனால் அளவு தப்பு.

ஜூன் 15, சனி

நல்லுசாமி ஐயா பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் மேஜையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குடம் விழுந்ததுபோல ஒரு சத்தம். ஓடினேன். வேட்டி நனைந்திருந்தது. வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, இடுப்பு எலும்பு.

"நனைச்சுட்டேன் சிஸ்டர், மன்னிச்சுக்குங்க" என்றார். அதைத்தான் முதலில் சொன்னார்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் படுக்க வைத்தோம். டாக்டர் வந்தார், எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் பார்த்தபோது அழைப்பு மணி அவர் தலையணைப் பக்கத்தில்தான் இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

பூசைக்குப் போனேன், பிரசங்கம் காதில் ஏறவில்லை.

பிறகு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். யாராவது விழுந்தால் விசாரித்து எழுத வேண்டும். நர்சிங் சூப்பரின்டெண்டும் டாக்டர் ஷமீமாவும் நல்லுசாமி ஐயா கட்டிலருகே நின்றார்கள். நான் கால்மாட்டில் நின்றேன்.

"ஏன் ஐயா பெல் அடிக்கல?" என்று டாக்டர் கேட்டார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார். "பெல்லு கையிலதான் இருந்துச்சு டாக்டர். நாந்தான் அடிக்கல. சும்மா சும்மா எதுக்கு அவங்களக் கூப்புடணும்னு நானே எறங்கிட்டேன். சிஸ்டருங்க மேல தப்பே இல்ல."

சூப்பரின்டெண்ட் அப்படியே எழுதிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை மகள் மாதிரி நினைக்கிறார் போல. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷர்.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று நல்லுசாமி ஐயாவுக்கு இடுப்பில் ஆணி வைத்து ஆபரேஷன் முடிந்தது. இன்று மகள் மஸ்கட்டிலிருந்து பேசினாள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், போனை ஸ்பீக்கரில் வைத்துத்தான் பேசுவார். வார்டு முழுக்கக் கேட்டது.

"எறங்காதீங்கன்னு அவ்ளோ சொல்லியிருக்காங்க, உங்களுக்கு யாரு பேச்சையும் கேக்கத் தெரியாதாப்பா? அந்தச் சிஸ்டருங்களுக்கு எவ்ளோ கெட்ட பேரு!"

"ஆமாம்மா. தப்புதாம்மா."

"இப்படிப்பட்ட ஆள நான் எப்படிப்பா தனியா வீட்டுல விடறது? சொல்லுங்க."

அவர் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். நான் டிரிப்ஸ் வேகத்தைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 21, வெள்ளி

பாராட்டுக் கூட்டம். நீலக் கோடு பச்சையையும் தாண்டி இறங்கிவிட்டது. விழுந்தவர் ஒருவர்தான். காரணம் என்ற இடத்தில் 'நோயாளி அறிவுரையைப் பின்பற்றவில்லை' என்று திரையில் காட்டினார்கள். டாக்டர் ஷமீமா எனக்குச் சால்வை போட்டார். அடுத்த மாதத்திலிருந்து எல்லா மாடிகளிலும் இதே முறை. மற்ற நர்ஸ்களுக்கு நான்தான் சொல்லித்தர வேண்டும்.

விமலாக்கா கை தட்டினார். இரண்டு வாரமாக நான் ஏங்கிய கைதட்டல். காதில் விழுந்தபோது எழுந்து வெளியே ஓடிவிடலாமா என்று இருந்தது.

சால்வையை பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொன்ன டைரியிலேயே பொய் எழுதியிருக்கிறேன். முன்பக்கங்களைப் படித்தேன். எனக்கே என்னைப் பார்க்கக் கூசுகிறது.

பதின்மூன்றாம் தேதி நான் தன்மையாகப் பேசவில்லை. "ஐயா, இது உங்க பஸ் விசில் இல்ல. நாங்கதான் மணிக்கொருவாட்டி வர்றோம்ல, அதுவரைக்கும் அடக்கிக்கிட்டுப் படுங்க" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்கும்படிதான் சொன்னேன். பிறகு அவர் கையிலிருந்த மணியை வாங்கி, வயரைச் சுருட்டி, ஒரு முடிச்சுப் போட்டு, அவர் தலைக்குப் பின்னால் இருந்த டிரிப்ஸ் கொக்கியில் மாட்டினேன். திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். எழுந்தால்தான் எட்டும். "சரிங்க சிஸ்டர்" என்றார். அதற்கப்புறம் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

அவருக்கு மட்டும் செய்யவில்லை. அடிக்கடி அடிக்கிறவர்கள் எல்லோருக்கும் அன்று முதல் செய்தேன். பெட்டி அமைதியானது அப்படித்தான்.

அவர் விழுந்த நேரத்தில் நான் நிரப்பிக்கொண்டிருந்தது அவருடைய படிவம். மணி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று டிக் போட்டேன், கட்டில் பக்கமே போகாமல்.

இன்னொன்று. அவரைத் தூக்கிப் படுக்க வைத்த கையோடு, டாக்டர் வருவதற்கு முன், கொக்கியிலிருந்து மணியை எடுத்து முடிச்சை அவிழ்த்துத் தலையணைப் பக்கத்தில் வைத்தேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த மனுஷர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜூன் 26, புதன்

இரண்டாம் மாடி நர்ஸ்களுக்குப் பயிற்சி. எங்கள் வார்டிலேயே நேரில் காட்டலாம் என்று டாக்டர் சொன்னதால், எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பவதாரணியைக் கூட்டிக்கொண்டு போனேன். கெட்டிக்காரப் பெண். நான்கு கேள்விகளையும் சிரித்த முகத்தோடு கேட்டுக் காட்டினாள். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

கட்டிலில் குடலிறக்க ஆபரேஷன் முடிந்த ஒருவர். அவர் தலைக்குப் பின்னால் கொக்கியில், சுருட்டிய வயர். அதே முடிச்சு.

நான் இருபத்து நான்காம் தேதியோடு அதை விட்டுவிட்டேன். இது நான் மாட்டியதில்லை.

"இது எதுக்கு மேல கெடக்கு?" என்று இரண்டாம் மாடிப் பெண் ஒருத்தி கேட்டாள்.

பவதாரணி குரலைத் தாழ்த்தி, பெருமையாகச் சொன்னாள்: "சும்மா சும்மா அடிக்கறவங்களுக்கு மட்டும். ஜெசியக்கா முடிச்சுன்னு பேரு. எதிர் வார்டுலயும் இப்ப இப்படித்தான்."

அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், கூட்டாளிகளைப் பார்ப்பதுபோல. கட்டிலில் இருந்தவர் எதுவும் கேட்காதவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது. மணியை எடுத்து அவர் கையில் வைத்தேன். "வச்சுக்குங்க" என்றேன். அவர் வாங்கத் தயங்கினார்.

ஜூன் 27, வியாழன்

நல்லுசாமி ஐயாவை வாக்கரில் நாலு அடி நடக்க வைத்தார்கள். முகம் வேர்த்துவிட்டது. பிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகளிடமிருந்து போன் வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சு. துறையூரு வீட்டை வாடகைக்கு விடச் சொல்லியாச்சாம். திருவானைக்காவல் பக்கம் ஏதோ முதியோர் இல்லமாம், எடம் சொல்லி வச்சுட்டா. சொல்பேச்சு கேக்காத ஆளை வேற எங்க வுடறதுன்னு கேக்கறா. அவ கேக்கறதும் நாயந்தானே."

"உங்களுக்குச் சம்மதமா?"

"வீட்டு வாசல்ல நின்னா பஸ்ஸு போறது தெரியும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்குத் தாங்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஐயா, அன்னிக்கு ஏன் எனக்காகப் பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

வாக்கரைச் சுவரோரம் தள்ளினார். பிறகு சொன்னார்.

"சின்ன வயசுல ஒருவாட்டி, பின்னாடி வர்ற வண்டிக்காரன் முந்திருவான்னு அவசரத்துல, ஒரு பொம்பள எறங்கறதுக்கு முன்னாடியே ரெண்டு விசில் குடுத்துட்டேன். விழுந்துட்டாங்க. கால் போச்சு. ஸ்டேஷன்ல அந்தம்மாவே சொன்னாங்க, நானாத்தான் அவசரப்பட்டு எறங்கினேன், கண்டக்டர் மேல தப்பில்லேன்னு. எனக்கு ஒரே ஆச்சரியம். என்னா நல்ல மனசுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"அப்புறம்?"

"இங்க விழுந்து கெடக்கறப்பதாம்மா புரிஞ்சுது. நல்ல மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தம்மா தெனம் அதே பஸ்ஸுலதானே வேலைக்குப் போகணும்? என்னையப் பகைச்சுக்க முடியுமா?" என் கையைப் பார்த்தார். "நானும் இன்னும் எத்தனை நாளு உங்க கையிலதானே கெடக்கணும், சிஸ்டர். கேன் வேணும்னா நீங்கதானே குடுக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மகள் மாதிரி நினைக்கிறார் என்று எழுதினேனே, அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

என்னைப் பார்த்து அவர் பயந்திருக்கிறார். இத்தனை நாளும்.

ஜூன் 28, வெள்ளி

டாக்டர் ஷமீமாவிடம் சொல்லிவிட்டேன். கொக்கி, முடிச்சு, டிக், தலையணை, எதையும் விடவில்லை.

பேனாவை மூடி வைத்தார். "எத்தனை பேருக்கு மாட்டினீங்க?"

"கணக்கு இல்ல மேடம். எதிர் வார்டுலயும் மாட்டறாங்க. என் பேரைச் சொல்லியே மாட்டறாங்க."

"நான் உங்களுக்குச் சால்வை போட்டேன் ஜெசி." அவர் குரல் உடைந்தது. "இதை வச்சுப் பத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேசலாம்னு இருந்தேன். ஒரு மனுஷன் எலும்பு உடைஞ்சு கெடக்கறதை, அவர்மேலயே பழியைப் போட்டு, நான் என் வாயால படிச்சேன்."

நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து லிஃப்ட் பக்கம் போய் அந்தச் சார்ட்டைத் தானே கிழித்தார். "பெல் அடிக்கறது குறைஞ்சா நல்லதுன்னு சுவத்துல ஒட்டினது நான்தானே" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். விசாரணைத் தாளைத் திருத்தி எழுதச் சொன்னார். ஆராய்ச்சி முதலிலிருந்து தொடங்கும். இந்த முறை மணி எவ்வளவு அடித்தது என்பதோடு, எவ்வளவு சீக்கிரம் போனோம் என்பதையும், மணி எங்கே இருக்கிறது என்று வேறு வார்டு ஆள் வந்து பார்ப்பதையும் சேர்ப்பாராம்.

சூப்பரின்டெண்ட் எனக்கு மெமோ கொடுத்தார். இனி இன்சார்ஜ் இல்லை. நியாயம்தான். அதே வார்டில் சாதாரண டூட்டி. பவதாரணி என் முகத்தைப் பார்க்காமல் நடக்கிறாள்.

ஜூன் 30, ஞாயிறு

டாக்டரிடம் சொன்னது பெரிதில்லை என்று இன்றுதான் தெரிந்தது.

நல்லுசாமி ஐயாவிடம், உங்கள் மகளிடம் நானே பேசுகிறேன் என்றேன். "வேணாம் சிஸ்டர், எதுக்கு வம்பு" என்றார். டாக்டருக்குத் தெரியும், எனக்கு மெமோ வந்தாயிற்று, இனி உங்களுக்கு எந்த வம்பும் வராது என்று சொன்ன பிறகு போனை எடுத்துக் கொடுத்தார். ஸ்பீக்கரை அணைக்கப் போனேன். அணைக்கவில்லை. அன்று நான் அவரிடம் பேசியதை வார்டே கேட்டது. இதையும் கேட்கட்டும்.

"வாசுகிம்மா, நான் ஜெசிந்தா சிஸ்டர் பேசறேன். உங்கப்பா பேச்சு கேக்காம எறங்கல. அவரு அடிக்கற பெல்லை நான்தான் கைக்கு எட்டாம எடுத்து மாட்டிட்டேன். அடக்கிக்கிட்டுப் படுங்கன்னு திட்டினேன். அவரால முடியல. கூப்புட வழியும் இல்ல. அதான் எறங்கினாரு. தப்பு முழுக்க என் மேல."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"ரெண்டு வாரமா..." என்றாள். "ரெண்டு வாரமா தெனம் போன் பண்ணி அவரைத் திட்டியிருக்கேன் சிஸ்டர். ஒரு நாள்கூட அவரு வாயத் திறக்கல. தப்புதாம்மா, தப்புதாம்மான்னாரு."

என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "போனை அப்பாகிட்ட குடுங்க" என்றாள்.

கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவள் அழுதாள். அவர், "அழுவாதம்மா. அந்த இல்லத்துக்காரன்கிட்ட மட்டும் வேணாம்னு சொல்லிரு. வாடகைக்கும் வுடாதே. வீடு பூட்டியே கெடக்கட்டும், நான் வந்துர்றேன்" என்றார். பேசி முடித்து, போனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

மிக்ஸி சரியாகிவிட்டது. சட்னி அரைத்தேன்.

வார்டில் மணி ஓயாமல் அடிக்கிறது. முதல் வாரத்தைவிட அதிகம். இத்தனை நாளும் இத்தனை பேர் அடக்கிக்கொண்டு கிடந்தார்கள் போலிருக்கிறது.

சாயங்காலம் நல்லுசாமி ஐயா கட்டில் விளக்கு எரிந்தது. ஓடினேன். மணி அவர் கையில் இருந்தது.

"என்ன ஐயா வேணும்? கேனா?"

"ஒண்ணும் வேணாம்" என்றார். "வர்றீங்களான்னு அடிச்சுப் பாத்தேன்."

"சரிங்க ஐயா" என்று திரும்பினேன். மேஜைக்குப் போய் உட்காரும்முன் மறுபடியும் அதே விளக்கு. மறுபடியும் போனேன். என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதற்கு என்று கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

டூட்டி முடிவதற்குள் இன்னும் மூன்று தடவை அடித்தார். மூன்று தடவையும் போனேன்.